லீஷ்மன் பாட்டிலும் சென்னை டோனவனும்
(ஒரு வெள்ளை அணுவின் வரலாறு)



மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது இதுதான்: "பழைய நினைவுக் கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன அக்கா. விலங்கியல் துறை சார்பில் படிக்கிற பிள்ளைகளுக்குப் பயன்படுகிற மாதிரி ஒன்று எழுதித் தாருங்கள்." முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருத்துவமனை இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தவள் நான். வேறு எதை எழுதுவேன்? தினமும் என் கண்ணில் பட்ட ஓர் அணுவின் வரலாற்றையே எழுதுகிறேன். அதில் நம் சென்னைக்கு உள்ள பங்கு பலருக்குத் தெரியாது. அது தெரிய வேண்டும் என்பதே என் ஆசை.

பாட்டில் மேலிருந்த பெயர்

விலங்கியல் படித்த எவரும் லீஷ்மன் சாயத்தை மறந்திருக்க முடியாது. விரல் நுனியைக் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் இழுத்து, காயவைத்து, சாயத்தை ஊற்றி இரண்டு நிமிடம். பிறகு இரு மடங்கு தண்ணீர் சேர்த்து ஏழெட்டு நிமிடம். கழுவினால் ஊதாவும் இளஞ்சிவப்புமாக ஓர் உலகம் தெரியும். ஜூலை மாதச் சாரலில் மட்டும் அது லேசில் சரியாக வராது. ஈரக்காற்றில் ஸ்லைடு காயாது. சாயத்தைக் கரைத்து வைத்திருக்கிற மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சிவப்பணுக்களில் பளபளவென்று ஓட்டை விழுந்தது போலத் தெரியும். ஊரே அருவிக்குப் போகிற காலத்தில் நாம் மின்விசிறிக்கு அடியில் ஸ்லைடை ஆட்டிக்கொண்டு நின்றிருப்போம்.

நூறு வெள்ளை அணுக்களை எண்ணி வகை பிரிக்க வேண்டும். அவற்றில் மானோசைட் இரண்டிலிருந்து எட்டு வரைதான் வரும். ஆனால் நாம் எண்ணும்போது அது இருபதைத் தாண்டிவிடும். எங்கள் மேடம் நோட்டைப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளேளா, தெரியாததையெல்லாம் மானோசைட்னு எழுதி வச்சிருக்கீங்க? குதிரை லாடம் மாதிரி நியூக்ளியஸ், சாம்பல் பூத்த சைட்டோபிளாசம், ரெண்டும் இருந்தாத்தான் அது மானோசைட்" என்பார்கள்.

ஆனால் நாம் மட்டும் தடுமாறவில்லை. சாயங்களைக் கொண்டு வெள்ளை அணுக்களை முதலில் வகை பிரித்த ஜெர்மன் மேதை பால் எர்லிக்கே இந்த அணுவை எங்கே வைப்பது என்று தெரியாமல் "இடைநிலை அணு" என்று பெயர் வைத்தார். இது முதிர்ந்தால் பல்லுருக் கரு கொண்ட நியூட்ரோபிலாக மாறும் என்பது அவர் எண்ணம். இடைநிலை என்றது சரி. எதற்கும் எதற்கும் இடைநிலை என்பதில்தான் அவர் கணக்குத் தவறியது. அந்தக் கணக்கைச் சரி செய்ய உலகத்துக்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆயின.

நட்சத்திர மீனும் ரோஜா முள்ளும்

கதையின் முதல் பாதி இத்தாலியில் மெசினாக் கடற்கரையில் நடக்கிறது. ஆண்டு 1882. இலியா மெச்னிகாப் என்ற ரஷ்ய விலங்கியல் அறிஞர் குடும்பத்தோடு அங்கே தங்கியிருந்தார். அவர் டாக்டர் அல்லர். நம்மைப் போல விலங்கியல்காரர். இதைத் தங்கைகள் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள் வீட்டார் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட, இவர் தனியே கண்ணாடி போன்ற நட்சத்திர மீன் இளவுயிரிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஊர்ந்து திரியும் அணுக்களைக் கண்டபோது ஓர் எண்ணம் தோன்றியது: உடலுக்குள் அந்நியப் பொருள் ஒன்று நுழைந்தால் இவை அதைச் சூழ வேண்டுமே? தோட்டத்து ரோஜாச் செடியிலிருந்து முள்ளை ஒடித்துவந்து இளவுயிரியின் தோலுக்கு அடியில் குத்தினார். இரவு தூக்கம் இல்லை. விடிந்து பார்த்தால் முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்துக் கிடந்தன.

விழுங்கும் அணுக்கள் என்ற பொருளில் அவற்றுக்கு "பேகோசைட்" என்று பெயர் வந்தது. அவற்றில் பெரியவற்றை "மேக்ரோபேஜ்" என்றார் மெச்னிகாப். தமிழில் பெருவிழுங்கி என்று சொல்லலாம். கிருமியோடு நோயை எதிர்த்து நிற்பது இரத்தத்தின் நீர்ப்பகுதியா, இந்த அணுக்களா என்று இரு கட்சிகள் இருபது வருஷத்துக்கு மேல் சண்டையிட்டன. கடைசியில் 1908ஆம் ஆண்டு நோபல் பரிசை மெச்னிகாப்புக்கும் எதிர்க்கட்சியின் எர்லிக்குக்கும் பங்கிட்டுக் கொடுத்தார்கள். இரண்டு கட்சியும் சொன்னது சரிதான் என்று பிறகு தெரிந்தது.

சென்னை, 1903

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். லீஷ்மன் என்பவர் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர், ஸ்காட்லாந்துக்காரர். நாம் பயன்படுத்தும் சாயத்தை அவர் 1901ல் வெளியிட்டார். கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம்மில் இருந்து காய்ச்சலோடு இங்கிலாந்துக்குத் திரும்பிய ஒரு சிப்பாய் 1900ல் இறந்தபோது, அவருடைய மண்ணீரலில் நுண்ணிய முட்டை வடிவப் பொருள்களை லீஷ்மன் கண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய புள்ளி, ஒரு சிறிய கோடு. இவை டிரிப்பனசோம் என்ற ஒட்டுண்ணி சிதைந்து போன மிச்சங்களாக இருக்கலாம் என்று 1903 மே மாதம் எழுதினார்.

அப்போது சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர் சார்லஸ் டோனவன். கல்கத்தாவில் பிறந்த ஐரிஷ்காரர். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நாள்பட்ட காய்ச்சலும் வீங்கிய மண்ணீரலுமாக வந்து இறந்த நோயாளிகளிடம் அதே பொருள்களை அவர் முன்பே பார்த்திருந்தார். லீஷ்மனின் கட்டுரையைப் படித்ததும் அவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. இறந்தவர் உடலில் மட்டும் தெரிந்தால் அது சிதைந்த மிச்சம் என்று சொல்லலாம். உயிரோடு இருப்பவரிடமும் தெரிந்தால்? 1903 ஜூன் 17ஆம் தேதி, காய்ச்சலோடு இருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்து ஊசியால் இரத்தம் எடுத்துப் பார்த்தார். அங்கேயும் அதே முட்டைகள் இருந்தன. ஆகவே அவை மிச்சமல்ல. உயிருள்ள தனி ஒட்டுண்ணி. ஜூலை மாதமே இதை வெளியிட்டார். ஸ்லைடுகள் பாரிசுக்கும் லிவர்பூலுக்கும் போயின. நவம்பரில் ரொனால்ட் ராஸ் இரண்டு பெயரையும் சேர்த்து "லீஷ்மேனியா டோனவானி" என்று பெயரிட்டார். காலா அசார் என்கிற கருங்காய்ச்சலின் காரணம் வெளிப்பட்டது இப்படித்தான்.

முதலில் கண்டது யார் என்ற வழக்கு அப்புறமும் ஓய்ந்தபாடில்லை. பெயரில் இருவருக்கும் பங்கு கிடைத்துவிட்டது. மண்ணீரலில் ஊசி குத்திக்கொண்ட அந்தச் சென்னைச் சிறுவனுக்கு மட்டும் பங்கு இல்லை. பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் என்பதால் எனக்கு அந்தப் பையன் நினைவு அடிக்கடி வரும்.

நம் அணுவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அந்த ஒட்டுண்ணி சும்மா இரத்தத்தில் மிதப்பதில்லை. மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகிய இடங்களிலுள்ள பெரிய அணுக்களுக்குள் கூட்டம் கூட்டமாக இருக்கிறது. அந்தப் பெரிய அணு வேறு எதுவுமில்லை, மெச்னிகாப்பின் மேக்ரோபேஜ்தான். எதிரியைத் தின்ன வேண்டியவனின் வயிற்றிலேயே எதிரி குடியிருக்கிறான்! டோனவன் 1905ல் வேறொரு புண் நோயிலும் பெரிய அணுக்களுக்குள் கிருமியைக் கண்டார். அது இன்றும் "டோனவனோசிஸ்" எனப்படுகிறது. 1911ல் தொடங்கிய ராயப்பேட்டை மருத்துவமனையின் முதல் கண்காணிப்பாளரும் அவரே. ஓய்வுக்குப் பின் வண்ணத்துப்பூச்சிகளைச் சேகரித்து அயர்லாந்துப் பூச்சிகளுக்குப் பட்டியல் எழுதினார். அவரும் மனசுக்குள் ஒரு விலங்கியல்காரர்தான்.

இந்தப் பெரிய அணுக்கள் எங்கிருந்து வருகின்றன?

இந்தக் கேள்விக்குத்தான் விடை இல்லாமலிருந்தது. கல்லீரலில் ஒரு பெயர், மூளையில் ஒரு பெயர், நுரையீரலில் ஒரு பெயர் என்று விழுங்கும் அணுக்கள் எங்கும் காணப்பட்டன. ஜெர்மனியின் ஆஷாப், உயிருள்ள விலங்குகளுக்குச் சாயம் செலுத்தி, சாயத்தை விழுங்கிய அணுக்களையெல்லாம் ஒரே குடும்பமாக 1924ல் தொகுத்தார். குடும்பம் தெரிந்தது, பிறந்த வீடு தெரியவில்லை.

1939ல் ஈபர்ட்டும் ப்ளோரியும் முயலின் காதில் மெல்லிய கண்ணாடி ஜன்னல் ஒன்றைப் பொருத்தி, உயிரோடு இருக்கும்போதே உள்ளே பார்த்தார்கள். (இதே ப்ளோரிதான் பின்னால் பெனிசிலினை மருந்தாக்கியவர்.) இரத்தக் குழாயின் சுவரைத் துளைத்து மானோசைட் வெளியே வந்தது, திசுவுக்குள் பருத்தது, மேக்ரோபேஜாக மாறியது. கண்ணால் கண்ட சாட்சி. எர்லிக்கின் "இடைநிலை அணு" எதை நோக்கிப் போகிறது என்பது தெரிந்துவிட்டது.

சரி, மானோசைட் எங்கிருந்து வருகிறது? 1965ல் வோக்மனும் கோவன்சும் எலிகளில் கதிரியக்க அடையாளமிட்ட தைமிடினைப் பயன்படுத்தி, பிறப்பிடம் எலும்பு மஜ்ஜை என்று காட்டினார்கள். 1968ல் வான் பர்த்தும் கோனும் முழு வழியையும் அளந்தார்கள். 1969ல் ஹாலந்தின் லைடன் நகரில் கூடிய அறிஞர்கள் வகுத்த புதிய குடும்பப் பட்டியலை 1972ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏடு வெளியிட்டது. நம் பாடப் புத்தகத்தில் இருந்தது அந்தப் பட்டியல்தான்.

அந்த வழி இது. எலும்பு மஜ்ஜையில் எல்லா இரத்த அணுக்களுக்கும் தாயான மூல அணு இருக்கிறது. அதிலிருந்து படிப்படியாக மானோபிளாஸ்ட், பிறகு புரோமானோசைட், பிறகு மானோசைட். இந்தப் பாதையில் அணுவைத் தள்ளிக்கொண்டு போவது எம்-சிஎஸ்எப் என்ற புரதம். மஜ்ஜையை விட்டு இரத்தத்துக்கு வந்த மானோசைட் அங்கே நெடுநாள் தங்காது. 2017ல் தொண்டர்களிடம் செய்த அளவீட்டின்படி பெரும்பாலானவை சுமார் ஒரு நாள்தான் ஓட்டத்தில் இருக்கின்றன. திசுவுக்குள் நுழைந்ததும் உடல் பல மடங்கு பருக்கிறது. செரிக்கும் நொதிகள் நிறைந்த லைசோசோம்கள் பெருகுகின்றன. இடத்துக்கேற்ற வேலை பிடிபடுகிறது. எலும்பில் பல சேர்ந்து ஒன்றாகி எலும்பை அரித்துச் சீர்படுத்தும் ஆஸ்டியோகிளாஸ்ட் ஆகின்றன. குடலில் கிருமிகளோடு சண்டைக்குப் போகாமல் அனுசரித்து நடக்கப் பழகுகின்றன.

இதை நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் இப்படிச் சொல்வது வழக்கம். மலையில் பெய்த தண்ணீர் பேரருவியாக விழுகிறது, சிற்றாறாக ஓடுகிறது, தென்காசியைத் தாண்டி அணைக்கட்டு அணைக்கட்டாகத் திரும்பிக் கால்வாய் வழியே குளங்களுக்குப் போகிறது. அருவியில் இருக்கும்போது அதற்கு நிறம் இல்லை. செம்மண் குளத்தில் சிவக்கிறது. கரிசல் குளத்தில் கறுக்கிறது. தண்ணீர் ஒன்றுதான், குளத்து மண்தான் அதை மாற்றுகிறது. மஜ்ஜைதான் மலை, இரத்தம்தான் சிற்றாறு, கல்லீரலும் நுரையீரலும் குளங்கள்.

ஊற்றுள்ள குளங்கள்

உவமை அழகாக இருந்தாலும் உண்மை அதோடு நிற்கவில்லை. 2010ல் எலிகளில் நடந்த ஆய்வு ஒன்று பழைய பட்டியலையே அசைத்துவிட்டது. மூளையிலுள்ள மேக்ரோபேஜ்களான மைக்ரோகிளியா, இரத்தத்து மானோசைட்டிலிருந்து வருவதே இல்லை. எலும்பும் மஜ்ஜையும் உருவாகும் முன்பே கருவின் மஞ்சட்கருப் பையில் தோன்றி, மூளைக்குள் குடியேறி, தமக்குத் தாமே பெருகி வாழ்நாள் முழுவதும் இருக்கின்றன. அடுத்தடுத்து வந்த ஆய்வுகளில் கல்லீரலிலும் நுரையீரலிலும் கூடப் பெரும்பங்கு கருவிலேயே குடியேறியவை என்று தெரிந்தது. குடலில் மட்டும் மானோசைட்டுகள் ஓயாமல் வந்து இடத்தை நிரப்புகின்றன. ஆக, சில குளங்கள் ஆற்றுப் பாசனம். சில குளங்களுக்கு அடியிலேயே ஊற்று. ஆனால் சேதம் பெரிதாகி ஊற்று வற்றும்போது அங்கேயும் ஆற்றுத் தண்ணீர் வந்துதான் ஈடுகட்டுகிறது.

டோனவனின் மண்ணீரலைப் பற்றியும் புதிதாக ஒன்று தெரிந்தது. மண்ணீரலே மானோசைட்டுகளின் சேமிப்புக் கிடங்கு என்றும், இதயத் தசை பழுதுபட்டால் அங்கிருந்து படை கிளம்புகிறது என்றும் 2009ல் எலிகளில் கண்டறிந்தார்கள். 1903ல் ஊசி குத்திய இடத்தில் நூறு வருஷத்துக்குப் பின்னும் புதுச் செய்தி கிடைக்கிறது!

காவலன் வீட்டில் குடியிருக்கும் திருடன்

ஒட்டுண்ணி எப்படி அங்கே பிழைக்கிறது? மணல் ஈ கடிக்கும்போது உடலுக்குள் இறங்கும் லீஷ்மேனியா, தன்னை விழுங்கச் சொல்லி மேக்ரோபேஜுக்கே வழிவிடுகிறது. உள்ளே போனதும் அமிலமும் நொதியும் நிறைந்த பைக்குள் வாலைச் சுருக்கிக்கொண்டு, அணு தன் ஆயுதங்களை எடுக்க முடியாதபடி அதன் உத்தரவுகளைக் குழப்பிவிட்டுப் பெருகுகிறது. அபாயச் செய்தி கேட்டு இரத்தத்திலிருந்து புதிய மானோசைட்டுகள் ஓடி வருகின்றன. சில கிருமியை வெல்கின்றன. முழுதாக முதிராத பல, அதே கிருமிக்கு அடுத்த வீடாகிவிடுகின்றன. மானோசைட் முதிர்ந்து எப்படிப்பட்ட மேக்ரோபேஜ் ஆகிறது என்பது வெறும் பாடப்புத்தகக் கேள்வி அல்ல. ஒரு நோயாளி பிழைப்பதும் சாவதும் அதில் இருக்கிறது. காசநோய்க்கும் தொழுநோய்க்கும் இதே கதைதான். அந்தக் கிருமிகளின் வீடும் மேக்ரோபேஜ்தான்.

கடத்துவது யார் என்று தேடியபோது, சென்னையில் பணியாற்றிய பேட்டன் 1907ல் மூட்டைப்பூச்சியைச் சந்தேகித்தார். மணல் ஈதான் குற்றவாளி என்பதை 1942ல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் தொண்டர்களைக் கடிக்கவிட்டே நிரூபித்தார்கள். அதற்கு முன்பே 1920களில் கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரியின் யூரியா ஸ்டிபமைன் இலட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது.

நான் வேலை பார்த்த கூடத்தில் ஒரே ஒரு முறை இந்த நோயை நேரில் கண்டேன். பீகாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்த இளைஞர். மாதக்கணக்கில் காய்ச்சல், வயிற்றில் பெரிய மண்ணீரல், இரத்தத்தில் எல்லா அணுக்களும் குறைவு. இரத்தப் புற்றுநோயாக இருக்குமோ என்றுதான் மஜ்ஜை எடுத்து அனுப்பியிருந்தார்கள். எங்கள் கூடத்து இளம்பெண் ஒருத்தி ஸ்லைடைப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த மேக்ரோபேஜுக்குள்ள சாயத் தூசு விழுந்திருக்கு போல, வேற ஸ்லைடு போடவா?" என்றாள். நான் பார்த்தேன். தூசுக்கு ஒரு புள்ளிதான் இருக்கும். இதில் ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி, ஒரு கோடு. "ஏட்டி, இது தூசு இல்ல. இது டோனவன்" என்றேன். டாக்டருக்கு உடனே போன் போனது. மருந்து வரவழைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து அந்தப் பையன் முகம் தெளிந்து, தன் பாஷையில் ஏதோ சொல்லிக் கும்பிட்டுவிட்டு ஊருக்கு ரயிலேறினார்.

அவருக்குக் கொடுத்தது ஆம்போடெரிசின் மருந்து. அதைக் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்துக் கொடுக்கும் முறையின் சூட்சுமத்தை நினைத்தால் சிரிப்பு வரும். கண்டதையெல்லாம் விழுங்குவது மேக்ரோபேஜின் குணம் அல்லவா? குமிழியையும் விழுங்குகிறது; மருந்து நேரே கிருமியின் வாசலிலேயே இறங்குகிறது. எந்தப் பெருந்தீனியைப் பயன்படுத்திக் கிருமி உள்ளே நுழைந்ததோ, அதே வழியில் மருந்தும் நுழைகிறது. ஒரே ஒரு தவணை போதும் என்று பீகாரில் நடந்த ஆய்வு 2010ல் காட்டியது. 2023ல் வங்கதேசம் இந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்த முதல் நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் ஏற்கப்பட்டது.

"அது பீகார் கதை, நமக்கென்ன?" என்று இருந்துவிட வேண்டாம். நம் குற்றால மலைக்குத் தெற்கே தொடரும் அகத்தியமலைக் காடுகளில், கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டப் பகுதியில் வாழும் காணிக்காரப் பழங்குடி மக்களிடையே தோலில் வரும் லீஷ்மேனியா நோய் கண்டறியப்பட்டிருக்கிறது. 2015ல் வெளிவந்த ஆய்வின்படி அங்கே நோய்க்குக் காரணம் வேறு இனமல்ல, நம் டோனவானியேதான். அந்த மணல் ஈக்களைப் பிடித்து, இனம் பிரித்து, எந்த விலங்கில் கிருமி தங்குகிறது என்று தேடுவதெல்லாம் விலங்கியல் படித்தவர் செய்ய வேண்டிய வேலை.

தங்கையருக்கு

"விலங்கியல் படித்து என்ன செய்யப் போறே?" என்று கேட்கிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். மெச்னிகாப்புக்கு மருத்துவப் பட்டம் கிடையாது. கையில் ஒரு மைக்ராஸ்கோப்பும் ஒரு முள்ளும் இருந்தன. டோனவனிடம் ஓர் ஊசியும், "உயிரோடு இருப்பவரிடமும் தெரிந்தால்?" என்ற ஒரு கேள்வியும் இருந்தன. உங்களிடம் இவர்கள் இருவரிடமும் இல்லாத கருவிகள் இருக்கின்றன. ஆனால் அணுக்களை எந்திரமே எண்ணிக் கொடுத்துவிடும் இந்தக் காலத்திலும், எந்திரம் சந்தேகப்படும் ஸ்லைடை ஒரு மனிதக் கண்தான் பார்த்தாக வேண்டும். தூசு என்று தள்ளுவதற்கு முன் இன்னொரு தரம் பாருங்கள். எதிர்முனையில் பெயர் தெரியாத ஒரு பையன் காய்ச்சலோடு படுத்திருப்பான்.